தோலில் ஓடிய நூல்

பச்சை குத்துதல் என்னும் தமிழ்ச் சொல்லாட்சியில் ஒரு நிறமும் ஒரு செயலும் சேர்ந்துள்ளன. நிறம் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சொல்கிறது; ஏனெனில், பெரும்பாலான மரபுகளில் தோலுக்குள் செலுத்தப்படுவது விளக்குப் புகையிலிருந்தோ சட்டியின் அடியிலிருந்தோ சுரண்டி எடுத்த கறுப்புக் கரியே ஆகும். அக்கரி மேல்தோலைத் தாண்டி, அதன் அடியிலுள்ள மெய்த்தோல் என்னும் அடுக்கில் தங்கிவிடும்போது, மேலே மூடியிருக்கும் தோல் ஒளியைச் சிதறச் செய்வதால், கறுப்பு நீலமாகவும் பச்சையாகவும் தோற்றம் கொள்கிறது. உடலோ அதனை அன்னியப் பொருளாகவே கருதுகிறது. வெளியிலிருந்து வரும் துகள்களை விழுங்கிச் செரிக்கும் வேலையைச் செய்யும் விழுங்கணுக்கள் கரியையும் விழுங்கிவிட்டு, செரிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கின்றன. பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு விழுங்கணு மடியும்போது அது விட்டுச்செல்லும் கரியை அடுத்து வரும் விழுங்கணு எடுத்துக்கொள்கிறது என்றும், பச்சை ஆயுள் முழுவதும் அழியாதிருப்பதற்கு இக்கைமாற்றமே காரணம் என்றும் காட்டியது.

சொல்லின் மறுபாதியாகிய குத்துதல், ஒருவர் செய்ய மற்றொருவர் ஏற்றுக்கொள்ளும் செயலாகும். யார் குத்துவது, யாருக்குக் குத்துவது, எந்த வயதில், எந்தக் கருவியால், எதற்குக் கைம்மாறாக என்னும் கேள்விகள் அனைத்தும் இச்செயலைச் சார்ந்தவை. மனித இனங்களின் வாழ்முறைகளை ஆராயும் மானிடவியல் என்னும் துறை, தொல்குடி மக்களின் பச்சைகளைப் பதிவு செய்யத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்ட போதிலும், அப்பதிவுகளில் மிகப் பெரும்பகுதி கோடுகளையும் புள்ளிகளையும் தாளில் பெயர்த்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் ‘பொருள்’ கேட்டு எழுதியதோடு நின்றுவிட்டது. குத்திய கை பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அக்கையைத் தேடிச் சென்ற ஆய்வுகளுள் அமெரிக்க மானிடவியலாளர் லார்ஸ் க்ருட்டாக் செய்தவை குறிப்பிடத்தக்கவை. அவற்றின் வலிமையையும் அவை கிளப்பும் சங்கடங்களையும் இவ்வுரை ஆராய முற்படுகிறது.

அதற்கு முன் செய்முறைகளைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வழியாக உலகெங்கும் பரவிய டாட்டூ என்னும் சொல், பாலினீசியத் தீவுகளின் ‘ததாவ்’ என்பதிலிருந்து வந்தது. கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல் 1769இல் தஹித்தியில் தங்கியிருந்தபோது அச்சொல் ஐரோப்பியக் குறிப்பேடுகளில் ஏறியது. பற்கள் வெட்டிய எலும்புச் சீப்பைத் தோல்மீது வைத்து, சிறு கோலால் மேலிருந்து தட்டித் தட்டிக் கரியை இறக்குவது அத்தீவுகளின் முறையாகும். இந்தியாவிலும் வேறு பல நிலங்களிலும் ஊசியையோ முள்ளையோ கையில் பிடித்து நேரடியாகக் குத்துவர். கீறிவிட்டுக் கரியைத் தேய்ப்பதும் உண்டு. நான்காவதாக, ஆர்க்டிக் கரையோர மக்களிடம் மட்டும் பெருவழக்காக இருந்த ஒரு முறை உண்டு: கரியில் தோய்த்த நூலை ஊசியில் கோத்து, துணியைத் தைப்பது போலவே தோலைத் தைத்து, நூலை உருவிவிட்டுக் கரியை மட்டும் உள்ளே விட்டுவைப்பது.

இந்தத் தையலின் நிலம், அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே பெரிங் கடலில் கிடக்கும் செயின்ட் லாரன்ஸ் தீவாகும். அரசியல் எல்லைப்படி அது அமெரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் அதன் வடமேற்கு முனையிலிருந்து சைபீரியக் கரை சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. தீவின் மக்களாகிய யூப்பிக் இனத்தார் பேசும் மொழியும் சைபீரியக் கரையில் பேசப்படும் யூப்பிக் மொழியும் ஒன்றே. திமிங்கலம், வால்ரஸ், கடல்நாய் ஆகியவற்றை வேட்டையாடி வாழ்ந்த இம்மக்கள் 1878 தொடங்கி இரண்டே ஆண்டுகளில் பஞ்சத்தாலும் நோயாலும் பெரும்பான்மையோரை இழந்தனர். 1894இல் பிரெஸ்பிட்டேரியன் சபையின் ஊழியர் ஒருவர் மனைவியுடன் வந்து பள்ளி நடத்தினார்; 1898இல் அவர் சென்ற கப்பல் கடலில் மூழ்கியபின், சிவுகாக் என்று வழங்கிவந்த ஊருக்கு அவருடைய பெயரான காம்பெல் என்பதே பெயராயிற்று. இன்று தீவில் காம்பெல், சவூங்கா என இரண்டு ஊர்களே உள்ளன. ஊர்ப்பெயர் மாறிய அத்தலைமுறைக்குள்ளேயே பச்சைத் தையலும் தளரத் தொடங்கி, 1920களுக்குப் பிறகு ஏறத்தாழ நின்றுபோனது.

அலாஸ்கா ஃபேர்பேங்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்த க்ருட்டாக், 1990களின் பிற்பகுதியில் இத்தீவுக்குச் சென்றபோது, இளமையில் பச்சைத் தையலைத் தம் உடலில் ஏற்றுக்கொண்ட மூதாட்டியர் சிலர் உயிரோடிருந்தனர். வடிவங்களை வரைந்து கேட்கும் வழக்கமான வினாக்களோடு, தையல் எப்படி நடந்தது, தைத்தவர் யார், எங்கே அமர்ந்து தைத்தார், நூல் எது, கரி எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களையும் அவர் கேட்டதே அவருடைய பின்னைய ஆய்வு முழுமைக்கும் போக்கை வகுத்துக் கொடுத்தது எனலாம்.

கிடைத்த விடைகளின் மையத்தில் ஒரு தையற்காரி இருந்தாள். தீவில் பச்சை தைத்தவர்கள் பெண்களே; அதிலும் உடை தைப்பதில் கைதேர்ந்த முதிய பெண்கள். உறைகடலில் தோல் படகேறி வேட்டைக்குச் செல்லும் ஆணின் உயிர், அவன் அணிந்துள்ள கடல்நாய்த் தோல் காலணியும், விலங்குக் குடலைக் காயவைத்துத் தைத்த மழைஅங்கியும் நீர் கசியாமல் இருப்பதைப் பொறுத்தது. அத்தகைய நீர்புகாத் தையலில் ஊசி தோலின் மறுபக்கத்துக்கு வந்துவிடக்கூடாது. தடிமனில் பாதி வரை நுழைந்து, உள்ளுக்குள்ளேயே ஓடி, நுழைந்த பக்கமே வெளிவர வேண்டும். உயிருள்ள தோலில் கரியை மெய்த்தோல் அடுக்கில் விட்டுவைப்பதற்கும் இதே ஆழக்கணிப்புத்தான் தேவை: மிக மேலாக ஓடினால் கரி உதிரும் மேல்தோலோடு போய்விடும், மிக ஆழமாக இறங்கினால் கசிந்து கோடு பரவிவிடும். உடை தைக்கும் விரல்களுக்கே பச்சை தைக்கும் உரிமை இருந்ததன் காரணம் இவ்விடத்தில் வெளிப்படுகிறது. சடங்கு ஒருபுறமிருக்க, அது தொழில்நுட்பத்தின் தொடர்ச்சியும் ஆகும்.

நூல், திமிங்கலம் போன்ற விலங்குகளின் தசைநாணைக் காயவைத்துப் பிரித்தெடுத்த நார். கரி, கடல்நாய்க் கொழுப்பெண்ணெய் ஊற்றி எரிக்கும் கல்விளக்கின் புகையிலும் சமையல் சட்டியின் அடியிலும் படிந்தது. அதனோடு கடல்நாய் எண்ணெயும் சிறுநீரும் கலந்த குழம்பில் நாரைத் தோய்ப்பர். பென்சிலில் உள்ள கிராஃபைட் என்னும் கனிமத்தின் தூளும் சில வேளைகளில் சேர்க்கப்பட்டது. எண்ணெய் நூல் வழுக்கிச் செல்ல உதவியது. சிறுநீரைப் பற்றித் தீவினர் தந்த விளக்கம், தீய ஆவிகள் அதனை அஞ்சும் என்பதாகும். அதிலுள்ள அம்மோனியா புண்ணைத் தூய்மையாக்கியிருக்கலாம் என்பது பிறர் தரும் விளக்கம். இரண்டாவது விளக்கம் கிடைத்தவுடன் முதலாவதைத் தூக்கி எறிந்துவிடும் அவசரம் ஆய்வாளர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. தைத்தவளும் தைக்கப்பட்டவளும் அம்மோனியாவை நினைத்து அதைச் செய்யவில்லை என்பதை மறந்தால், செயலின் வரலாறு கைவிட்டுப் போய்விடும்.

பெண்களின் மோவாயில் இறங்கும் கோடுகள் பருவமடையும் காலத்தை ஒட்டித் தைக்கப்பட்டன; கன்னங்களிலும் கைகளிலும் குடும்பந்தோறும் வேறுபட்ட வடிவங்கள் இடம்பெற்றன. இவற்றைப் பயணிகள் பலர் பார்த்து வரைந்துள்ளனர். அவர்கள் பார்க்கத் தவறியவையும் பார்த்தும் பொருட்படுத்தாதவையுமாகிய சிறு புள்ளிகளே க்ருட்டாக்கின் ஆய்வில் முதன்மை பெற்றன. ‘நஃப்லுக்’ என வழங்கப்பட்ட இப்புள்ளிகள், முதன்முதலாகப் பிணம் சுமந்தவருக்கும், கடல்நாய், துருவக்கரடி போன்றவற்றையோ ஒரு மனிதனையோ முதன்முதலாகக் கொன்றவருக்கும் இடப்பட்டன. இடப்பட்ட இடங்கள் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால், கழுத்து. அதாவது எலும்போடு எலும்பு சேரும் மூட்டுகள். தையற்காரி அந்த இடத்தில் தோலை இரு விரல்களால் மடிப்பாகத் தூக்கிப் பிடித்து, மடிப்பின் ஒருபுறம் ஊசியை நுழைத்து மறுபுறம் உருவிவிடுவாள். விரலை எடுத்ததும் தோல் சமமாகிவிடும்; ஊசி புகுந்த இடத்தில் ஒன்றும் வெளிவந்த இடத்தில் ஒன்றுமாக இரண்டு கரும்புள்ளிகள் அருகருகே நிற்கும். வேலை அவ்வளவுதான். பார்ப்பதற்கு மச்சம் போலிருக்கும் இவ்விரண்டு புள்ளிகளை அழகுக்கலை என்று யாரும் பட்டியலிட மாட்டார்கள்.

மூட்டுகளைத் தேர்ந்தெடுத்ததற்குத் தீவினரிடம் தெளிவான காரணம் இருந்தது. மனித உடலில் ஓர் உயிர் அன்று, பல உயிர்கள் தங்கியுள்ளன. அவை மூட்டுகளில் வாழ்கின்றன. ஆகவே உடலுக்குள் நுழைய விரும்பும் வெளி ஆவிக்கும் மூட்டுகளே வாசல்கள். பிணத்தைச் சுமந்தவனும் விலங்கைக் கொன்றவனும், இறந்த உயிர் ஒன்றின் மிக அருகில் நின்றவர்கள் என்ற முறையில், ஒரே ஆபத்துக்கு உட்பட்டவர்கள். வாசல்களை அடைத்துவிட்டால் இறந்தவரின் ஆவியோ வேட்டைவிலங்கின் ஆவியோ உள்ளே நுழைய இயலாது. இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், துக்கம், வேட்டை, மருத்துவம் என்று நூலகத்தில் மூன்று அலமாரிகளில் பிரித்து வைக்கப்படும் செய்திகள், ஒரே ஊசியால் ஒரே மூட்டில் செய்யப்பட்ட ஒரே காரியமாகி விடுகின்றன.

இத்தீவின் தையல் எவ்வளவு பழைமையானது என்பதற்கான சான்றை மண்ணே தந்தது. தீவின் தென்கிழக்கு முனையிலுள்ள கியாலெகாக் என்னும் இடத்தில் 1972 அக்டோபரில் கடல் அரித்த கரைச்சரிவிலிருந்து, உறைந்து கிடந்த ஒரு பெண்ணின் உடல் வெளிப்பட்டது. கரிமக் காலக்கணிப்பு அவ்வுடலின் காலத்தைக் கி.பி. 400ஐ ஒட்டி வைத்தது. மூச்சுக்குழாயில் பாசித் துணுக்குகள் காணப்பட்டதால், வாழ்ந்த மண்வீடு இடிந்து விழுந்து மூச்சுத்திணறி இறந்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் முடிவு செய்தனர். கறுத்துச் சுருங்கிய தோலில் வெறுங்கண்ணுக்கு மங்கலாகவே தெரிந்த பச்சைகள், அகச்சிவப்புக் கதிரில் எடுத்த ஒளிப்படங்களில் தெளிந்தன. கறுத்த தோல் அக்கதிரைத் திருப்பி அனுப்ப, கரி மட்டும் அதை உறிஞ்சிக்கொள்வதால் இது இயலுகிறது. கைகளில் காணப்பட்ட, இருபுறமும் சிறகு விரிந்த இதயம் போன்ற வடிவம், அதே காலத்து வால்ரஸ் தந்தச் செதுக்குகளில் உள்ள கோலங்களோடு ஒத்திருந்தது. தந்தத்தைச் செதுக்கிய கையும் தோலைத் தைத்த கையும் வேறு வேறாக இருந்திருக்கலாம். கோடு மட்டும் ஒன்றாக இருந்திருக்கிறது. அதே 1972இல் மேற்கு கிரீன்லாந்தின் கிலாகிட்சோக் என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 1475ஆம் ஆண்டைச் சேர்ந்த எட்டு உடல்களிலும், வயது வந்த பெண்கள் அறுவரில் ஐவரின் முகப்பச்சைகளை அகச்சிவப்புப் படங்களே காட்டிக்கொடுத்தன.

உடல் காட்டுவது இவ்வளவே. யார் தைத்தது, எந்தச் சாவுக்குப் பின் தைத்தது என்பதைத் தோல் சொல்லாது. இந்த எல்லையை மறப்பதால் நேரும் தடுமாற்றத்துக்கு ஓட்ஸி என்று பெயரிடப்பட்ட பனிமனிதனைப் பற்றிய எழுத்துகள் நல்ல எடுத்துக்காட்டு. ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்கடியிலிருந்து வெளிப்பட்ட இம்மனிதன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவன் உடலில் 61 பச்சைக் கோடுகள் உள்ளன என்பது 2015இல் உறுதிப்படுத்தப்பட்டது. கோடுகளில் பல, இடுப்பெலும்பின் அருகிலும் முழங்காலிலும் கணுக்காலிலும், மூட்டுத் தேய்மானம் இருந்த இடங்களை ஒட்டி அமைந்திருந்ததால், அவை வலிக்குச் செய்த மருத்துவம் என்ற கருத்து எழுந்தது. சீன ஊசிமருத்துவப் புள்ளிகளோடு அவற்றை ஒப்பிட்ட கட்டுரை 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. செயின்ட் லாரன்ஸ் தீவின் மூட்டுப் புள்ளிகளை இவ்வரிசையில் வைத்து க்ருட்டாக்கும் எழுதியுள்ளார். மூட்டில் குத்தும் வழக்கம் பல நிலங்களில் இருந்தது என்பதைக் காட்டும் அளவில் அவ்வொப்பீடு பயனுடையது. ஆனால் ஒரு மனித உடலில் ஊசிமருத்துவப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எந்தக் கோட்டுக்கும் அருகில் ஏதேனும் ஒரு புள்ளி இருக்கவே செய்யும். தீவில் மூட்டுப்புள்ளிகளின் காரணத்தைச் சொல்ல மூதாட்டியர் இருந்தனர். ஆல்ப்ஸ் மலையில் அப்படி எவரும் இல்லை. இந்த வேறுபாட்டை எந்த வரைபடமும் ஈடுகட்டாது.

பச்சைகளைப் பதிவு செய்த பழைய ஐரோப்பியர் வடிவத்தையே பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம், வடிவத்தைத் தாளில் கொண்டுபோக முடியும் என்பது. போர்னியோத் தீவின் காயன் இனத்தாரிடம், வடிவத்தை மரக்கட்டையில் செதுக்கி, அதில் கரி பூசித் தோலில் அச்சாகப் பதித்து, அச்சின் மீது குத்தும் வழக்கம் இருந்தது. கட்டையைச் செதுக்குபவர் ஆண், குத்துபவர் பெண். கட்டைகள் எளிதாகக் கப்பலேறி அருங்காட்சியகங்களை அடைந்தன. நியாயமாகச் சொன்னால், சார்லஸ் ஹோஸ், வில்லியம் மக்டூகல் ஆகிய இருவரும் 1912இல் வெளியிட்ட நூலில், குத்தும் பெண்ணுக்குரிய விலக்குகளையும், குழந்தை சிறியதாயிருக்கும் காலத்தில் அவள் அத்தொழிலைச் செய்யலாகாது என்ற விதியையும் எழுதி வைத்தனர். மறுமையின் இருளில் தம் பச்சையே வழிகாட்டும் பந்தமாக எரியும் என்ற காயன் நம்பிக்கையும் பதிவாகியுள்ளது. கட்டைகளைப் பார்ப்பவருக்கு இவை எதுவும் தெரிய வழியில்லை.

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் வடிவத்தின் மீது கொண்ட ஆசை மேலும் கொடியதாயிற்று. ‘மோகோ’ எனப்படும் அவர்களது பச்சை, ‘உஹி’ என்னும் எலும்பு உளியால் தோலை வெட்டிப் பள்ளமாக்கிக் கரியேற்றுவது. ஆகவே விரலால் தடவினாலே கோடு தட்டுப்படும். ஒருவரின் குலவழியையும் நிலையையும் தாங்கிய முகக்கோடுகள் அவருக்கே உரியவை. 1820களின் நடுவில் இங்கிலாந்து சென்ற தே பெஹி கூப்பே என்னும் தலைவர், கண்ணாடியின் துணையின்றித் தம் முகத்தின் கோடுகள் அனைத்தையும் தாளில் வரைந்து கொடுத்தார்; அவ்வரைபடம் 1830இல் அச்சேறியது. 1840இல் பிரித்தானிய அரசோடு செய்த வைத்தாங்கி உடன்படிக்கையில் தலைவர்கள் சிலர் தம் மோகோவின் ஒரு பகுதியை வரைந்தே ஒப்பமிட்டனர். தன் முகத்தைத் தான் வரைவது ஒப்பம். அதே முகத்தை மற்றவர் வாங்கிக்கொண்டு போவது வேறு. இறந்த உறவினரின் தலையைப் பாடம்செய்து போற்றிவைக்கும் மாவோரி வழக்கம், ஐரோப்பியர் துப்பாக்கி கொடுத்துத் தலைகளை வாங்கத் தொடங்கியதும் சந்தையாக மாறி, விற்பதற்காகவே அடிமைகளுக்குப் பச்சை குத்திக் கொல்லும் நிலைக்கு இறங்கியது. 1831இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் இவ்வணிகத்தைத் தடைசெய்தார். மோகோவைப் பற்றி 1896இல் விரிவான நூல் எழுதிய ஹொரேஷியோ ராப்லி என்னும் படைஅதிகாரியே முப்பதுக்கும் மேற்பட்ட தலைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் பெரும்பாலானவற்றை 1907இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வாங்கியது. 2014இல் அவ்வருங்காட்சியகம் 35 தலைகளை நியூசிலாந்துக்குத் திருப்பி அனுப்பியது. ராப்லியின் கோட்டோவியங்கள் துல்லியமானவை, இன்றும் பயன்படுபவை. அத்துல்லியம் எங்கிருந்து வந்தது என்பதை அந்நூலைப் புரட்டுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் க்ருட்டாக் சில காலம் பணியாற்றியது, முன்னோரின் எச்சங்களையும் பொருள்களையும் உரிய மக்களிடம் திருப்பி ஒப்படைக்கும் பிரிவில்தான். இச்செய்தியோடு, 2009இல் டிஸ்கவரி தொலைக்காட்சியில் ‘டாட்டூ வேட்டைக்காரர்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் தோன்றிய தொடரையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அத்தொடரில் அவர் தொல்குடி ஊர்களுக்குச் சென்று, அவ்வூர்க் கைகளால் தம் தோலில் குத்திக்கொண்டார். தன் உடலைக் கருவிக்குக் கொடுத்து அறிவது, தள்ளி நின்று வரைவதைவிட நேர்மையான முறை என்பதில் ஐயமில்லை. உளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, தட்டுக்கோலின் தாளம் எப்படிச் செல்கிறது என்பவை தோலுக்கே தெரியும். ஆனால் வேட்டை என்ற சொல், தலைகளைச் சேகரித்த நூற்றாண்டின் வாசனையை விட்டுவிடவில்லை. தொலைக்காட்சிக்காரர் வைத்த தலைப்பு என்று அதைத் தள்ளிவிடலாம். தலைப்பு எந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தது என்பதைத் தள்ளிவிட முடியாது.

பிலிப்பைன்ஸின் வடக்கு மலைகளில் வாழும் கலிங்கா மக்களைப் பற்றி அவர் 2010இல் எழுதிய நூல் இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. (பெயரொற்றுமை கண்டு இதனை நம் கலிங்கத்தோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை.) அங்கே புஸ்கலான் என்னும் மலையூரில் 1917இல் பிறந்த வாங்-ஓட் என்னும் மூதாட்டி, எலுமிச்சை இனத்து மரமுள்ளைக் கோலின் நுனியில் செருகி, கரியில் தோய்த்து, மற்றொரு கோலால் தட்டிக் குத்தும் ‘பத்தோக்’ கலையின் பெயர்பெற்ற கைகளுக்குரியவர். தலைகொய்யும் போரில் வென்ற வீரனுக்கு மார்பில் குத்துவதே அக்கலையின் உச்சமாக இருந்தது. போர் ஒடுக்கப்பட்டதும் குத்தப்படத் தகுதியுடைய ஆண்கள் இல்லாமற் போயினர். பிறகு நூல்களும் படங்களும் வெளிவர, அயலூர்ப் பயணிகள் மலையேறி வரிசையில் நின்றனர். அவர்களுக்கு முழுக் கோலம் குத்திக் களைத்த மூதாட்டி, முதுமையில் தம் கையொப்பமாக மூன்று புள்ளிகளை மட்டும் குத்தி அனுப்பும் நிலை ஏற்பட்டது. குடும்ப இரத்தத்துக்கு வெளியே கலையைக் கற்பித்தால் புண் சீழ்பிடிக்கும் என்ற நம்பிக்கைப்படி, தம் சகோதரரின் பேத்திகளுக்கே அவர் கற்பித்தார். 2023 ஏப்ரலில் வோக் இதழின் பிலிப்பைன்ஸ் பதிப்பு 106 வயதில் அவரை அட்டையில் வெளியிட்டது. வீரனுக்கு இடும் குறி பயணிக்கு இடும் குறியானதைச் சீரழிவு என்று புலம்புவோர் உண்டு. குத்துபவர் குலத்துக்குள்ளேயே இருக்க, குத்தப்படுபவர் மட்டும் உலகத்தாராக மாறியிருக்கிறார் என்று சொல்வதே நிகழ்ந்ததற்கு நெருக்கமாக இருக்கும். கலையைப் பூட்டி வைத்திருந்த கதவு கற்றுக்கொள்பவர் பக்கம்தான் இருந்தது.

தமிழ்நாட்டுப் பதிவுகளுக்கும் இதே அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில், ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய குறத்தியரைப் பற்றியும், தேள், கோலம் முதலிய வடிவங்களைப் பற்றியும், மஞ்சளையும் அகத்தியிலையையும் துணியில் முடிந்து எரித்துக் கரியெடுக்கும் முறையைப் பற்றியும் எழுதினார். செய்முறை இவ்வளவு விவரமாகப் பதிவான தென்னிந்திய எழுத்துகள் அரிது. இருப்பினும், திண்ணையில் அமர்ந்து குத்திக்கொண்ட பெண்ணும் கூடையோடு வந்து குத்திய பெண்ணும் என்ன பேசிக்கொண்டனர், கூலி நெல்லா காசா, அழும் சிறுமியை எப்படிப் பிடித்துவைத்தனர் என்பவையெல்லாம், இன்றும் முன்கையில் பச்சையோடு உள்ள மூதாட்டியரிடம் கேட்டறிய வேண்டியவையாகவே இருக்கின்றன. நடுஇந்தியாவின் பைகா மக்களைப் பற்றி 1939இல் எழுதிய வெரியர் எல்வின் இதில் ஓரளவு முன்னே சென்றார். நகையெல்லாம் இங்கேயே தங்கிவிட, சாவுக்குப் பின் கூடவே வரும் அணி பச்சை ஒன்றே என்று அப்பகுதிப் பழங்குடிப் பெண்கள் கூறுவது, காயன் மக்களின் பந்தத்தை நினைவூட்டுகிறது.

மறுமையோடு பச்சையை இணைக்கும் நம்பிக்கைகளுள் மிகக் கூர்மையானதை, டேனிஷ் ஆய்வாளர் நூட் ராஸ்முசன் 1921 முதல் 1924 வரை நடத்திய ஐந்தாம் தூலே பயணத்தில் கனடிய ஆர்க்டிக்கின் நெட்சிலிக் இனுவிட் மக்களிடம் கேட்டறிந்தார். சோம்பேறி வேட்டைக்காரரும், வலிக்கு அஞ்சிப் பச்சை தைத்துக்கொள்ளாத பெண்களும், இறந்தபின் நிலத்தின் மேலோட்டுக்குச் சற்றுக் கீழே தலையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி அமர்ந்திருப்பர். பறந்து வரும் வண்ணத்துப்பூச்சியை வாயால் கவ்வுவதே அவர்களுக்கு உணவு. இந்நம்பிக்கையை எழுதிவைத்த அதே தலைமுறையில்தான், மதஊழியர் கண்டனத்தாலும் பள்ளி, நிருவாகம் ஆகியவற்றின் அழுத்தத்தாலும் இனுவிட் பெண்கள் தையலை விட்டனர். ஆர்க்டிக்கில் இது பெரும்பாலும் கண்டனத்தால் நடந்தது. ஜப்பானில் ஆணையால் நடந்தது. தொல்குடியினரான ஐனு பெண்களின் உதட்டுப் பச்சையை 1799இலும் மீண்டும் 1871இலும், ஒக்கினாவாப் பெண்களின் கைப்பச்சையை 1899இலும் ஆட்சியாளர் தடைசெய்தனர்.

இன்று ஆர்க்டிக் பெண்கள் தையலை மீட்டெடுத்து வருகின்றனர். கனடிய இனுவிட் திரைப்பட இயக்குநர் அலெத்தியா அர்னாகுக்-பாரில் இம்மரபைத் தேடிச் சென்று 2011இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஏஞ்சலா ஹோவாக் ஜான்ஸ்டன் தொடங்கிய மீட்புத் திட்டம் 2016இல் கூக்ளுக்டுக் ஊரில் பெண்களுக்குப் பச்சை இட்டது. அதன் பதிவு 2017இல் நூலானது. இவர்கள் ராஸ்முசன் முதலியோரின் ஏடுகளையும் அருங்காட்சியகப் படங்களையும் புரட்டாமலில்லை. புரட்டியபோது கண்டது, முகக்கோடுகள் ஏராளமாகவும், தையற்காரியின் கைவேலை சொற்பமாகவும் இருந்ததையே. எந்த ஆழத்தில் ஊசியை ஓட்டுவது, தோலை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பவற்றைத் தம் தோலிலும் தோழியர் தோலிலும் தைத்துத் தைத்தே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வேட்டைப்புள்ளிகளையும் பிணம் சுமந்தோர் புள்ளிகளையும் எங்கெங்கே இடுவது என்பதற்குச் செயின்ட் லாரன்ஸ் மூதாட்டியர் க்ருட்டாக்கிடம் சொன்னவை போன்ற சில பதிவுகளே ஆதாரமாக மிஞ்சியிருந்தன.

தோலில் இட்டுப் பார்த்தே அறியும் இவ்வழி தொல்லியலுக்கும் உதவியது: ஓட்ஸியின் கோடுகள் எப்படி இடப்பட்டன என்ற கேள்வி 2024இல் மீண்டும் எழுந்தது. தோலைக் கீறிக் கரி தேய்த்தவை அவை என்பதே நெடுங்காலமாக நிலவிய கருத்து. இதனைச் சோதிக்க, பச்சை குத்தும் கலைஞர் ஒருவர் எலும்பு, செம்பு, பன்றிக் கொம்பு, எரிமலைக் கண்ணாடி ஆகியவற்றாலான கருவிகளைக் கொண்டு, கீறல், குத்தல், தட்டல், தையல் ஆகிய முறைகளில் தம் காலிலேயே பச்சை இட்டு, ஆறியபின் ஒவ்வொன்றின் விளிம்பும் எப்படி நிற்கிறது என்று காட்டினார். கீறிய கோட்டின் முனை மெலிந்து கூராகிறது. ஒற்றை முனையால் குத்திக் குத்தி இட்ட கோட்டின் முனை உருண்டு நிற்கிறது, விளிம்பில் புள்ளிகள் சிதறுகின்றன. ஓட்ஸியின் கோடுகள் இரண்டாவதை ஒத்தன. பழைய ஐரோப்பியத் தொல்பொருளைப் பற்றிய இவ்வாய்வுக் கட்டுரையை எழுதிய ஐவருள் ஒருவர் மாயா சியாலுக் ஜேக்கப்சன். கிரீன்லாந்து இனுவிட் பெண், ஊசியில் நூல் கோத்துத் தோலைத் தைப்பவர்.